சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் ஒரு என்ஜின்!

ஆபீஸில் 'லேசா தலைவலி' என்று சொல்லிப் பாருங்கள். பியூன் முதல் மானேஜர் வரை எல்லாரும் டாக்டர். அதே ஆபீஸில் 'வண்டியில ஒரு சத்தம் வருது சார்' என்று சொல்லிப் பாருங்கள். கார் வைத்திருப்பவர், வாங்கப் போகிறவர், பஸ் பாஸ் மட்டுமே வைத்திருப்பவர்... அத்தனை பேரும் மெக்கானிக்! 'டேப்பட் சார்', 'பெட்ரோல்ல கலப்படம் சார்', 'பேசாம வித்துடுங்க சார்' என்று டீ ஆறுவதற்குள் மூன்று தீர்ப்புகள் வந்துவிடும்.

இதில் ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் தனி மரியாதை. என்ஜினின் அடிவயிற்றிலிருந்து வரும் 'டொக்... டொக்... டொக்...'. அதைச் சொன்னதும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி முகத்தை மாற்றிக்கொண்டு, 'கிராங்க் போயிடுச்சு போல' என்பார்கள்.

இந்த ஒரு வரியைக் கேட்டு வண்டியை வந்த விலைக்குத் தள்ளியவர்கள் உண்டு. முழு என்ஜினையே மாற்றியவர்கள் உண்டு. காதில் வாங்காமல் ஓட்டி, நடுரோட்டில் என்ஜினுக்குக் காரியம் பண்ணியவர்களும் உண்டு. மூன்று பேருக்கும் ஒரு ஒற்றுமை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. எங்கே? எவ்வளவு? ஏன்? இதில் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். அதைத்தான் யாருமே கேட்பதில்லை.

'இதையெல்லாம் சொல்ல நீ யாருய்யா?' என்பீர்கள். நான் பி.காம். பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் 'ரெண்டு' என்று கரெக்டாகச் சொல்வேன். அவ்வளவுதான் என் மெக்கானிக்கல் ஞானம். மற்றதெல்லாம் கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில் ஐந்து நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

அந்தக் கதைக்கு முன்னால் கிராங்க் ஷாஃப்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். உங்கள் வீட்டில் கால் மிதி வைத்த பழைய தையல் மிஷின் இருந்தால் போய்ப் பாருங்கள். மிதி மேலும் கீழும்தான் ஆடும். சக்கரமோ வட்டமாகச் சுற்றும். மேலும் கீழும் போவதைச் சுற்றுவதாக மாற்றுகிற அந்தக் கோணல் கம்பிதான் கிராங்க். காரில் அம்மாவின் காலுக்குப் பதில் பிஸ்டன்.

இந்தக் கோணல் கம்பிக்கு ஒரு காலத்தில் ஏக கிராக்கி. நீராவி என்ஜின் புகழ் ஜேம்ஸ் வாட் இதைப் பயன்படுத்த நினைத்தபோது, ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் 1780-லேயே அதற்குப் பேட்டன்ட் வாங்கி வைத்திருந்தார். வாட் அசரவில்லை. சூரியனைக் கிரகம் சுற்றுகிற மாதிரி இரண்டு பல்சக்கரங்களை வைத்து வேறொரு வழியைப் பிடித்து, 1781-ல் அதற்குத் தானே பேட்டன்ட் வாங்கிவிட்டார். பேட்டன்ட் காலாவதியான பிறகு உலகமே கிராங்க்குக்குத் திரும்பி வந்தது வேறு விஷயம்.

இனி நம் கதாநாயகன். மாருதி ஆம்னி. 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. மாருதி 800-ல் இருந்த அதே ரக 796 சி.சி. என்ஜின். மூன்று பிஸ்டன். இதில் டிரைவர் என்ஜினுக்குப் பின்னால் உட்காருவதில்லை; என்ஜின் மேலேயே உட்காருகிறார். முன் சீட்டைத் தூக்கினால் என்ஜின்!

3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது கிராங்க் ஒரு செகண்டுக்கு 50 தடவை சுற்றுகிறது. மூன்று சிலிண்டரிலும் சேர்த்து ஒரு செகண்டுக்கு 75 தடவை பெட்ரோல் வெடிக்கிறது. பிஸ்டனின் விட்டம் 68.5 மில்லி மீட்டர். வெடிக்கும் நேரத்தில் சதுர சென்டி மீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலே, ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்டன் தலையில் கிட்டத்தட்ட ஒன்றரை டன். அவ்வளவையும் கனெக்டிங் ராடு வழியாக வாங்கிக்கொள்வது கிராங்க்.

இவ்வளவு அடி வாங்கியும் அது ஏன் தேய்வதில்லை? இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை என்பதால்தான். ராடுக்கும் கிராங்க்குக்கும் நடுவில் மெல்லிய பேரிங் தகடு. தகடுக்கும் கிராங்க்குக்கும் நடுவில் ஆயில். சின்ன கார் என்ஜின்களில் அந்த இடைவெளி பொதுவாக 0.02-லிருந்து 0.05 மில்லி மீட்டர். நம் தலைமுடியே (இருக்கிறவர்களுக்கு) அதைவிடத் தடிமனாக இருக்கும். அந்த ஆயில் படலம் இருக்கிறவரை கிராங்க் மிதந்துகொண்டே லட்சக்கணக்கான கிலோ மீட்டர் ஓடும். படலம் போனால் தகடு தேயும். இடைவெளி கூடும். கூடிய இடைவெளியில் ராடு வந்து மோதும். அதுதான் 'டொக்'.

*

என் அக்காவும் மாமாவும் சிங்காநல்லூரில் மெஸ் நடத்துகிறார்கள். காலை பத்தரைக்கு 70 கேரியர்களை ஆம்னியில் ஏற்றிக்கொண்டு மாமா கிளம்பினால், ஒரு மணிக்குள் பீளமேடு, காந்திபுரம் ஆபீஸ்களில் சாம்பார் சூடாக இறங்கியாக வேண்டும். மெஸ்ஸுக்குக் கணக்கு எழுதுவது நான். சம்பளம், மதியச் சாப்பாடு.

ஒருநாள் மாமா கேரியரை இறக்கிவிட்டு வந்தவர் சாப்பிட உட்காரவில்லை.

"மாப்ளே, வண்டி கீழேர்ந்து யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்குது. ஆக்சிலேட்டர் குடுத்தா வேகமாத் தட்டுது."

ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினோம். அவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து, இரண்டு தடவை உறுமவிட்டு, ஆஃப் செய்தார்கள். "கிராங்க் காலி. வேற என்ஜின்தான் மாத்தணும். நாற்பத்தஞ்சாயிரம் ஆகும்." நேரம், மூன்று நிமிடம். ஒரு புரோக்கர் அதற்குள் மோப்பம் பிடித்து வந்து, 'இருக்கற நிலைமையில முப்பதாயிரம் தர்றேன்' என்றார்.

அன்று ராத்திரி அக்கா எதுவும் பேசாமல் கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி மேஜை மேல் வைத்தாள். மாமா அதைப் பார்க்காத மாதிரி டிவி பார்த்தார். டிவி ஓடவில்லை.

"ஒரு நாள் பொறுங்க. இன்னொரு ஆளைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். கணக்குப் பிள்ளை புத்தி. ஒரே வவுச்சரை நம்பிப் பாஸ் போடக் கூடாது.

*

கணபதி பக்கம் ஒரு சந்து. அங்கே ஒரு பட்டறை. அறுபது வயதுக்கு மேலிருக்கும் பெரியவர் ஒருவர். போனில் சத்தத்தைச் சொன்னதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஓட்டிட்டு வராதீங்க. கட்டி இழுத்துட்டு வாங்க."

இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சத்தத்தோடு 'மெதுவா ஓட்டிப் போயிடலாம்' என்பது பெரிய ஆபத்து. தேய்ந்த பேரிங் சுழன்று சிக்கினால் ராடு ஒடியும். ஒடிந்த ராடு என்ஜின் பிளாக்கையே பொத்துக்கொண்டு வெளியே வரும். ஆம்னியில் அதற்கு நேர் மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

வண்டி வந்தது. பெரியவர் முதலில் என்ஜினைத் தொடவே இல்லை. மாமாவைத்தான் விசாரித்தார்.

"சத்தம் காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்து அப்பறம் போயிருதுங்களா?"

"இல்லீங்க, சூடாக ஆகத்தான் ஜாஸ்தியாகுது."

"ஆயில் லைட்டு எரிஞ்சுதுங்களா?"

"ரெண்டு மாசம் முன்னால சூட்டுல ஐடில்ல நிக்கறப்ப கண்ணடிச்சுதுங்க. எலக்ட்ரீஷியன் 'ஸ்விட்ச் கம்ப்ளைன்ட்டு'ன்னு ஒயரைக் கழட்டி விட்டுட்டாருங்க. அப்பறம் எரியவே இல்லீங்க."

பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ராத்திரி வாட்ச்மேன் விசில் ஊதித் தூக்கம் கெடுகிறது என்று விசிலைப் பிடுங்கிக்கொண்ட கதை!

பிறகு ஆரம்பித்தது சோதனை. கிராங்க் முனையிலிருக்கும் புல்லி போல்ட்டை ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். "இது லூசானாலும் இதே மாதிரிதான் தட்டும் தம்பி. ஃபிளைவீல் போல்ட்டு லூசானாலும் தட்டும். அதுக்குப்போயி என்ஜினைப் பிரிச்சவங்க இருக்காங்க." புல்லி டைட்டாக இருந்தது.

ஆயில் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நிஜமான பிரஷர் கேஜை மாட்டினார். ஒரே நிமிடம் என்ஜினை ஓட்டினார். முள் எழுந்திருக்க மனமில்லாமல் தரையோடு கிடந்தது. எலக்ட்ரீஷியன் சொன்ன ஸ்விட்ச் நிரபராதி.

அடுத்து, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். ஏழைகளின் ஸ்டெதஸ்கோப்! அப்படியே ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி மாட்டினார். கனெக்டரைக் கழற்றினால் அந்த சிலிண்டரில் பெட்ரோல் போகாது, வெடிக்காது, ராடில் அடி விழாது. முதல் சிலிண்டர்... சத்தம் அப்படியே. இரண்டாவது... 'டொக்' பாதியாகக் குறைந்தது! மூன்றாவது... மறுபடி அப்படியே.

"ரெண்டாம் நம்பர் ராடு பேரிங்" என்றார். இதற்குத்தான் பட்டறை பாஷையில் 'பிக் எண்ட்' என்று பெயர். (பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பிளக் ஒயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஒயரை அந்தரத்தில் விட்டால் இக்னிஷன் காயிலுக்கே ஆபத்து என்பதால் இந்த வழி.)

அன்றைக்கு அவர் நடத்திய கிளாஸின் சாராம்சம் இது. 'டிக் டிக்' என்று மேலிருந்து லேசாக வந்தால் பெரும்பாலும் டேப்பட். காலைக் குளிரில் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் ஆட்டம். மேடு ஏறும்போது அடியிலிருந்து 'தொம் தொம்' என்று கனமாக வந்து, எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் மாறாவிட்டால் மெயின் பேரிங் மீது சந்தேகம். ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறி, ஒரு குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தினால் இறங்கினால் ராடு பேரிங். கிளச்சை மிதிக்கும்போது புல்லி முன்னே பின்னே நகர்ந்தால், கிராங்க்கை நீளவாக்கில் பிடித்து வைக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது.

'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று. செலவு இதுவரை ஒரு டீ.

*

ஆயிலை வடித்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் காட்டினார். ஜிகினாத் தூள் தூவியது போல மினுமினுப்பு. காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. "காந்தத்துல ஒட்டாதது பேரிங்குத் தகடு. ஒட்டியிருந்தா கிராங்க்கோ வேற இரும்போ கரையுதுன்னு அர்த்தம். பொழைச்சுது."

என்ஜின் இறங்கியது. ராடுகளின் மூடிகளைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டார். ஒன்றின் மூடியை இன்னொன்றில் மாட்டினால் பொருந்தாது, ஜோடி மாறக் கூடாது. இரண்டாம் நம்பர் தகட்டின் வெள்ளிப் பூச்சு போய், செம்பு நிறம் பல்லை இளித்தது. மற்ற இரண்டிலும் கீறல்கள்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். மைக்ரோமீட்டர்! கிராங்க்கின் ஒவ்வொரு பின்னையும் இரண்டு ஓரத்தில், ஒவ்வொரு ஓரத்திலும் நெடுக்கு, குறுக்கு என மொத்தம் நான்கு அளவு எடுத்தார். நான் பேப்பரில் கட்டம் போட்டு எழுதினேன். ஜென்ம சாபல்யம்! வட்டமாக இருக்க வேண்டிய பின், நெடுக்குக்கும் குறுக்குக்கும் 0.01 மில்லி மீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டாலே யோசிக்க வேண்டுமாம். இரண்டாம் நம்பரில் 0.06. அதாவது லேசான முட்டை வடிவம்.

கிராங்க்கை இரண்டு 'வி' கட்டைகள் மேல் படுக்க வைத்து, டயல் கேஜை நடுவில் தொடவிட்டுச் சுற்றினார். வளைவு இல்லை. கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு. சந்தையில் பானை வாங்கும் பாட்டி மாதிரி காது கொடுத்தார். 'கணீர்' என்றது. ஆனால் அதோடு நம்பிவிடவில்லை. காந்தப்படுத்தி, இரும்புத் தூள் கலந்த திரவம் ஊற்றிப் பார்க்கும் சோதனைக்கும் அனுப்பினார். மயிரிழை விரிசல் இருந்தால் தூள் அங்கே கோடாகச் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு இல்லை.

'எவ்வளவு' என்ற கேள்விக்கும் பதில் வந்தது. கிராங்க் காலி இல்லை. 0.25 மில்லி மீட்டர் கிரைண்டிங் செய்தால் போதும். மூன்று பின்களையும் ஒரே அளவுக்குக் கடைந்து, அதற்கேற்பத் தடிமன் கூடிய அண்டர்சைஸ் பேரிங் போட்டால் பழைய இடைவெளி திரும்பிவிடும்.

*

மாமா முகத்தில் நாலு நாளுக்குப் பிறகு சிரிப்பு. "அப்ப கிரைண்டிங் பண்ணி மாட்டிடலாங்களா?"

பெரியவர் பீடியைப் பற்றவைத்தார். "மாட்டலாங்க. பேரிங் செத்துப்போச்சு, சரி. கொன்னது ஆரு?"

பட்டறையே அமைதியாகிவிட்டது. எனக்கு மட்டும் உள்ளே மணி அடித்தது.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பாலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிடலாம். பேலன்ஸ் ஷீட் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் தப்பு எங்கேயோ உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். காரணம் தெரியாமல் புது பேரிங் போடுவதும் அதேதான். மூன்று மாதத்தில் மறுபடி டொக். 45,000 கொடுத்துப் புது என்ஜின் போட்டாலும், அங்கே அதே தவறு காத்திருந்தால் அதுவும் டொக்.

பெரியவர் ஆயில் சம்ப்பைத் திருப்பினார். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் சல்லடை ஒன்று உண்டு, ஸ்ட்ரெய்னர் என்று பெயர். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சல்லடைக் கண் பாதிக்கு மேல் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி துண்டு துண்டாக ஏதோ அடைத்திருந்தது.

"ஆறு மாசம் முன்னால ஆராச்சும் சம்ப்பைக் கழட்டினாங்களா?"

"ஆமாங்க, ஆயில் கசியுதுன்னு ஒரு இடத்துல கேஸ்கெட் மாத்துனோம்."

"கேஸ்கெட் பேஸ்ட்டை இட்டிலிக்குச் சட்னி ஊத்தற மாதிரி ஊத்தியிருக்காங்க. வெளியே பிதுங்கினதைத் தொடைச்சுட்டாங்க. உள்ளே பிதுங்கினதை ஆரு தொடைப்பா? அது காஞ்சு, உதிர்ந்து, ஆயிலோட நீந்தி வந்து சல்லடையில உக்காந்துக்கிச்சு. பம்பு உறிஞ்சுது, ஆயில் வரல."

கொலையாளி கிடைத்துவிட்டான்! ஐம்பது ரூபாய் ரப்பர் பசை, ஒன்றரை டன் அடி தாங்கும் கிராங்க்கைச் சாய்த்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் அந்த சிவப்பு லைட் இரண்டு மாதம் முன்பே கண்ணடித்தது. நாக்கை அறுத்துவிட்டார்கள்.

*

மீதி வேலை மளமளவென்று நடந்தது. கிரைண்டிங்கில் பெரியவர் இரண்டு விஷயத்துக்குச் சண்டையே போட்டார். பின்னும் பக்கச் சுவரும் சேரும் மூலை, கடைசல் பிடித்த மாதிரி வளைவாக இருக்க வேண்டும். கத்தி வெட்டு மாதிரி கூர்மையாக இருந்தால் அங்கேதான் பிற்பாடு விரிசல் விடும். இன்னொன்று, ஆயில் துளையின் விளிம்பை மழுக்கி, துளைக்குள் இருக்கும் கிரைண்டிங் தூள் முழுவதையும் பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு சிட்டிகைத் தூள் புது பேரிங்கைத் தின்றுவிடும். சில கிராங்க்குகளில் மேல்தோல் மட்டும் கடினமாக இருக்கும். கடைந்தால் அது போய்விடும் என்பதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மாட்டும்போது பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்றை வைத்து, டார்க் ரென்ச்சால் முடுக்கி, மறுபடி கழற்றினார். நசுங்கிய இழையின் அகலத்தை ஸ்கேலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடுமாம். 0.04. புது ஸ்ட்ரெய்னர், புது ஃபில்டர், சோதித்த ஆயில் பம்ப். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்குகளைக் கழற்றி, பிரஷர் முள் எழும்பும்வரை செல்ஃப் மட்டும் அடித்தார். முதலில் ஆயில், பிறகுதான் நெருப்பு. ஒயரும் அதன் இடத்துக்குத் திரும்பியது.

மொத்த பில் 18,400. ஐந்து நாள் வாடகை ஆட்டோவில் கேரியர் போனது தனி. வளையல் அடகுக் கடையைப் பார்க்கவில்லை. முதல் ஆயிரம் கிலோ மீட்டர் விரட்டாமல் ஓட்டி, ஆயிலை மாற்றிவிட்டு, இப்போது வேன் வழக்கம்போல ஓடுகிறது.

ஆகவே நண்பர்களே, 'கிராங்க் போயிடுச்சு' என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். வண்டியை நிறுத்துங்கள். 'எந்த சிலிண்டர்?' என்று கேளுங்கள். 'அளவு என்ன, பேப்பரில் எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். கடைசியாக, 'ஏன் போச்சு?' என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மெக்கானிக் கோபப்பட்டால் வண்டியை வேறு பட்டறைக்கு இழுங்கள். சந்தோஷப்பட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஆபீஸ் போங்கள்.

அங்கே உங்கள் கணக்கில் வராத வித்தியாசம் ஏதாவது சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தால், ஆடிட்டர் வந்து 'டொக் டொக்' என்று மேஜையைத் தட்டும் முன் அதையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்!